சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு கோழிக்குஞ்சு

ஆடு மாடு கோழிக்கெல்லாம் ஓட்டுரிமை இருந்திருந்தால், சாத்தூரில் எங்கள் தெரு கோழி டீச்சர்தான் எம்.எல்.ஏ. எதிர்த்து நின்றவருக்கு டெபாசிட்கூடத் தேறியிருக்காது. அவருக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஆதார் அட்டையைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. தெருமுனைப் பால்வாடியில் டீச்சர். வீட்டில் தனி ஆள்.

நானும் தனி ஆள்தான். மகளின் பிரசவத்துக்கென்று கோவைக்குப் போன என் மனைவி, பேரனுக்கு இரண்டு வயதாகியும் திரும்பவில்லை. சிவகாசி அச்சகத்தில் சார்ட் டிசைன் செய்யும் வேலையை விட்டுவிட்டு நானும் போக முடியவில்லை. ஒற்றை ஆளுக்கு இது போதும் என்று டீச்சர் வீட்டை ஒட்டிய வரிசை வீட்டுக்குக் குடிவந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதைச் சுவர் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான்.

இரண்டாம் நாள் காலையிலேயே சுவருக்கு அந்தப்பக்கம் ஆடு கத்தியது. அப்புறம் அதன் குட்டி. அப்புறம் ஒரு கன்றுக்குட்டி. வீட்டுக்காரரைக் கூட்டிவந்து புகார் செய்தேன். அவர் உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஆடு எங்கம்மா?" என்று கேட்டார்.

"நாந்தேன்" என்றார் டீச்சர். வகுப்புக்குப் போகுமுன் ஒத்திகை பார்த்தாராம்.

அத்தோடு விடவில்லை. அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார். "ஏன் அண்ணாச்சி, ஆடு கத்துதுன்னு சொன்னீகளாம். என்ன சொல்லிக் கத்துச்சு?"

"மேன்னுதான்..."

"மேன்னா? பசிக்கா, பயத்துக்கா, ஆத்தாளத் தேடியா? ஒண்ணுமே தெரியாம புகார் குடுத்துருக்கீக!"

சமாதானத்துக்காக எங்கள் அச்சகத்தில் அடித்த 'விலங்குகளும் ஒலிகளும்' சார்ட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பசுவுக்குக் கண்மை போட்டதுபோல நானே வரைந்தது. இந்தியா முழுக்கப் போகிறது என்று எனக்கு அதில் ஒரு கர்வம். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு உருப்படிக்கு ஒரு சத்தந்தான் போட்டுருக்கீக. காலம்பூரா ஒரே வார்த்தையச் சொல்லிக்கிட்டு ஒரு மாடு எப்படி அண்ணாச்சி குடும்பம் நடத்தும்?"

மறுநாள் பால்வாடிப் பக்கம் போனபோது பார்த்தேன். சார்ட்டைச் சுவரில் மாட்டித்தான் இருந்தார், திருப்பி. வெள்ளைப் பக்கத்தில் பிள்ளைகள் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பாடம் வேறு மாதிரி. கோழி ஒன்றுக்கே நாலு நாள் ஓடும். முட்டை போட்ட பெருமைக்கு ஊரைக் கூட்டும் சத்தம். பருந்தைக் கண்டால் நீளமாக "க்ரேஏஏக்". குஞ்சுகளைக் கூப்பிட அடித்தொண்டையில் "கொக், கொக்". குஞ்சுக்கு இரண்டு சத்தம். "கீய்ய், கீய்ய்" என்று உரக்கக் கத்தினால், 'தனியா நிக்கேன், எங்கன இருக்க?' மெதுவாகக் "கிர்ரு கிர்ரு" என்றால், 'ரெக்கைக்குள்ள இருக்கேன், சொகமா இருக்கு.'

"கூப்புட்டா பதில் வரணும் அண்ணாச்சி. அம்புட்டுத்தான் பாடம். பதில் வராத பிள்ளதான் அளுவுது" என்பார்.

பாடம் எவ்வளவு தூரம் ஏறியிருந்தது என்பது சூப்பர்வைசர் அம்மா ஆய்வுக்கு வந்த அன்று தெரிந்தது. வெயிலுக்கு அகலமான கறுப்புக் குடையை விரித்தபடி வாசலில் நுழைந்தார். மூன்று வயது வாண்டு ஒன்று அண்ணாந்து பார்த்து "க்ரேஏஏக்" என்றது. அவ்வளவுதான், பதினெட்டுப் பிள்ளைகளில் பதினாலு மேசைக்கடியில். சத்துமாவு மூட்டைக்குப் பின்னால் நாலு.

"எங்கம்மா பிள்ளைக?"

"பருந்து போனாத்தான் மேடம் வரும். வெளிய போய்க் குடைய மடக்கிட்டு வாங்க."

மேடம் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். விளக்கம் கேட்டு ஓலையும் வந்தது. டீச்சர் நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார்; அதற்கப்புறம் எந்தச் சூப்பர்வைசரும் அந்தப் பக்கம் குடையோடு வந்ததில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் பட்டாசுக் கம்பெனி பஸ்தான் வேடிக்கையின் உச்சம். பஸ் முனை திரும்பியதும் பால்வாடிப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியாக, கன்றாக, கோழிக்குஞ்சாகக் கத்தும். இறங்கும் தாய்மார்கள், பொடி அப்பிய கையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே பதில் கத்த வேண்டும். கத்தாதவர்களிடம் டீச்சர் பிள்ளையைக் கொடுக்கமாட்டார். "மேஏன்னு சொல்லுத்தா, என்ன வெக்கம்?" என்று அதட்டுவார். பஸ் டிரைவர் இதற்காகவே இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கடைசிப் பிள்ளையும் போனபிறகு டீச்சர் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தனியாக நடந்து வருவார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்காது.

நானும் இதையெல்லாம் கற்றுக்கொண்டு வீடியோ காலில் பேரனிடம் கத்திக் காட்டினேன். மனைவி போனைப் பிடுங்கி, "அங்கன ஒத்தையில கெடந்து உங்களுக்கு எதுவும் ஆயிருச்சா?" என்று கேட்டாள்.

போன வருஷம் டீச்சருக்கு அறுபது முடிந்தது. பொன்னாடை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பிவைத்தார்கள். புது டீச்சர் நல்ல பெண். செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறாள். அதில் வரும் மாட்டுக்கும் ஒரே வார்த்தைதான்.

"சாயங்காலம் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாம்ல டீச்சர்?" என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணாச்சி. பிள்ளைக எங்கிட்ட ஓடியாந்தா, அந்தப் புள்ள மனசு சங்கடப்படும்."

அதற்கப்புறம் காலை ஒத்திகை நின்றுபோனது. எந்த ஆட்டைப் பற்றிப் புகார் கொடுத்தேனோ, அந்த ஆட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வீடு அப்படி ஒரு அமைதியை அதுவரை கண்டதில்லை.

ஒருநாள் ஆறு மணி பஸ் முனை திரும்பும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல ஒரு சத்தம்.

"கீய்ய்... கீய்ய்..."

நான் படித்த பாடம்தான். அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்தேழு வயது ஆம்பிளை, அச்சகத்தில் நாலு பேர் சார் என்கிறார்கள். மறுநாளும் கேட்டது. பதில் இல்லாமல் அது நின்றுபோனதும் கேட்டது. மூன்றாம் நாள் தாங்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்று, வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தினேன்.

"கொக்கொக் கொக்கரக்! கொக்கொக் கொக்கரக்!"

அந்தப்பக்கம் டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, அது முட்ட போட்ட கோளி. குஞ்சக் கூப்புடுற கோளி ஊரக் கூட்டாது. வாய மூடிட்டு அடித்தொண்டையில சொல்லும். எங்க, இன்னொருக்கா."

வாயை மூடிக்கொண்டு சொன்னேன். "கொக்... கொக்..."

மெதுவாக, சுவருக்குப் பக்கத்திலேயே பதில் வந்தது.

"கிர்ரு கிர்ரு."

இப்போது காலண்டர் சீசன். ராத்திரி வரை அச்சகத்திலேயே இருந்து வேலை பார்க்கச் சொல்லி முதலாளி வற்புறுத்துகிறார். ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், என்னைத் தேடுவார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.