அப்பா சொன்ன ‘கட்’

நான் வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தக் கெட்ட பெயரை ஒரே ஒரு குறும்படத்தால் துடைத்தெறிவது என்று முடிவு செய்தேன்.

வாய்ப்பு வீடு தேடி வந்தது. மகளின் பள்ளியில் ஆளுக்கொரு படம் எடுத்து, பெற்றோர் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

“தலைப்பு ‘உழைக்கும் அப்பா’. நடிப்பு, இயக்கம் ரெண்டும் நான். நீ போனைப் பிடிச்சா போதும்” என்றேன் மகளிடம்.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், சிரித்தாள்.

“தாராளமா எடுங்க. பார்க்கிறவங்க நம்பிட்டா நான் இனிமே வாயே திறக்கல.”

“நம்பலேன்னா?”

“தினமும் பாத்திரம் நீங்க கழுவணும்.”

“சவால்!”

அவள் மகளின் காதில் ஏதோ சொன்னாள். வாழ்த்தாக்கும் என்று விட்டுவிட்டேன்.

படப்பிடிப்பு அமர்க்களம். கூடத்தின் நடுவில் நாலு இழுப்பு பெருக்கினேன். “கட்!” துடைப்பத்தை வீசிவிட்டு சோபாவில் சாய்ந்தேன். அடுத்து, மனைவி கழுவி வைத்திருந்த தட்டுகளுக்கே மறுபடி நுரை போட்டேன். “கட்! இந்தா, மீதியை நீ பாரு. அப்படியே என் நெத்தியில தண்ணி தெளி. வேர்வை பத்தல.” அவளும் பவ்யமாகத் தெளித்தாள்.

பள்ளி அரங்கில் படம் ஓடியது. பெருக்கினேன், கழுவினேன், வேர்த்தேன். “இப்படியும் ஒரு மனுஷனா!” என்றார் பின்வரிசை அம்மாள். எனக்கு நெஞ்சு விம்மியது.

அப்போது திரையில் எழுத்து வந்தது: ‘இனி, வெட்டாத படம்.’

துடைப்பம் பறந்தது. சோபா வந்தது. நெற்றிக்குத் தண்ணீர் வந்தது. அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“எந்தப் படத்தைப் பார்த்தாலும், வெட்டினது என்னன்னு கேட்கணும். இதைவிட அழகா யாரும் சொல்ல முடியாது” என்று ஆசிரியை முதல் பரிசைக் கொடுத்தார்.

“நான்தான் ‘கட்’ சொன்னேனே!” என்று மகளிடம் பாய்ந்தேன்.

“நீங்க நிறுத்தினீங்கப்பா. கேமராவை நிறுத்தாதேன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

மனைவி ஆறுதலாகச் சொன்னாள்: “ரெண்டாம் பாகம் எடுக்கிறோம். ப்ரிட்ஜ் மேல போனை வச்சாச்சு. கேமரா எப்ப ஓடும்னு சொல்ல மாட்டோம்.”

அன்றிலிருந்து தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறேன். என் நல்ல பக்கம் தெரியும்படி நிற்பேன்.

நேற்று ஆசையாக அந்தப் போனை எடுத்துப் பார்த்தேன். வெறும் கவர்தான் இருந்தது.