ஒரு கோன் ஐசுக்கு ஒரு மகள்

புத்தகக் கடை வாசலிலிருந்த போர்டைச் சேவுகன் இரண்டு தடவை படித்தான். 'இன்று ஒரு நாள் மட்டும் இலவச காமிக்ஸ். அப்பா அல்லது அம்மாவோடு வரும் குழந்தைகளுக்கு மட்டும். பதிப்பகத்தார் உத்தரவு.'

நாற்பது வயதாகியும் கல்யாணமே ஆகாத மனுசன் குழந்தைக்கு எங்கே போவான்? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் உயிராகப் படித்த துப்பறியும் கதை ஒன்று, கடைசிப் பாகம் வராமலே நின்றுபோயிருந்தது. ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று தெரியாமலே மீசை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கடைசிப் பாகத்தைத்தான் காரைக்குடி கல்லுக்கட்டிச் சந்தில் ஹனிபாவின் கடையில் சும்மா கொடுக்கிறார்கள். விலைக்குக் கேட்டாலும் கிடையாதாம்.

வாசலில் ரெட்டைச் சடையோடு நின்ற ஒரு சிறுமி அவன் முழிப்பதைப் பார்த்தாள்.

"மாமா, நான் கூட வரட்டா? ஒரு கோன் ஐசு வாங்கித் தந்தாப் போதும்."

ஓடிப்போய் வாங்கி வந்தான். "அப்பான்னு கூப்பிடணும், மறந்துராத."

"அழுகுற மாதிரி கூப்பிடவா, கொஞ்சுற மாதிரி கூப்பிடவா?"

"சாதாரணமாக் கூப்பிடு தாயி!"

வரிசையில் நின்ற பிறகுதான் அவன் கெட்ட நேரம் வேலையைக் காட்டியது. பக்கத்தில் பெண்கள் வரிசையில் ரோகிணி! கண்டரமாணிக்கத்துப் பெண். வருகிற வெள்ளிக்கிழமை அவளோடுதான் இவனுக்கு நிச்சயம். ஊர் ஊராக அலைந்து, செருப்புத் தேய்ந்து, கடைசியில் அமைந்த இடம். "மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று அவள் அப்பா கேட்டபோது, பரணில் கிடக்கும் காமிக்ஸ் மூட்டைகளை நினைத்துக்கொண்டே "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவைத்திருந்தான்.

சட்டென்று கையிலிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"அப்பா! வண்டி அங்குட்டுல்ல நிக்குது, இங்குட்டு எதுக்குப்பா ஹெல்மெட்டு?"

வரிசை மொத்தமும் திரும்பியது. ரோகிணியும் திரும்பினாள். பெண் பார்க்க வந்த அன்று போட்டிருந்த அதே சட்டை அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"நீங்களா? இது யாரு?"

"அக்கா மக" என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"இல்ல, நான் இவுக சொந்த மக!" என்றாள் சிறுமி, தின்ற ஐசுக்குத் துரோகம் செய்யாமல்.

அப்போதுதான் ரோகிணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த பொடியன் வாயைத் திறந்தான். "அம்மா, கால் வலிக்குதும்மா."

சேவுகன் குனிந்து பொடியனைப் பார்த்தான். அம்மாவா?

"எங்கண்ணன் மகன்" என்றாள் ரோகிணி அவசரமாக. வீட்டுக்கு ஒரே பெண், அண்ணன் தம்பி கிடையாது என்று தரகர் சூடத்தில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார்.

அதற்குள் மேசை வந்துவிட்டது. ஹனிபா கண்ணாடியை இறக்கிச் சிறுமியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"ஒங்க மகளா? அப்பிடியே ஒங்கள உரிச்சு வச்சிருக்கே!"

கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம். காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் ரோகிணி. ஜமீன்தாரா, சம்சாரமா? சீ, அந்த ஆள்தான் செத்தே போனாரே, யார் கொன்றால் என்ன!

"என் மக இல்லீங்க" என்றான்.

சிறுமி வீறிட்டாள். "அப்பா என்னைய மகளே இல்லங்குறாக!" அப்படியொரு தொழில் பக்தி.

"அடப்பாவி, பெத்த புள்ளையவா?" என்று வரிசையில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழட்டச் சொல்லுங்கப்பா, மூஞ்சியப் பாப்போம்!"

ரோகிணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த மகளையே இல்லங்குறவுக நாளைக்கு என்னைய என்ன சொல்லுவீக? நிச்சயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"ஒங்களுக்கு மட்டும் என்னவாம்? அம்மா அம்மான்னு ஒருத்தன் தொங்குறானே!"

"இவனா? இவன் வந்து..." என்று அவள் இழுத்தாள்.

"நீயும் இல்லன்னு சொல்லிராதம்மா!" என்று பொடியன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

இத்தனை பாடுபட்டு அமைந்த கல்யாணம் சந்தி சிரித்து முடிந்துபோயிற்று. சேவுகனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலிருந்ததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

கடையின் பின்கதவு திறந்தது. ஹனிபாவின் மனைவி பர்வீன் பானு, கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்து, அழுகிற இரண்டு உருப்படிகளையும் அதட்டினாள்.

"அழுதது போதும், ரெண்டு பேரும் சோறு திங்க வாங்க! மத்தியானத்துக்கு வேற அப்பா அம்மாவ ஒங்களப் பெத்த அத்தா புடிச்சுத் தருவாக!"