பெட்டிக்குள் போன நாற்பத்தோராவது போன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம் மட்டும் ஒரு வாரமாகப் படுத்த படுக்கை. நீயும் அத்தானும் நலந்தானே? என் மருமகளைப் பற்றி உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "பரீட்சை முடியிறவரைக்கும் அவ போனை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிடு, ஆராய்ச்சி பண்றவன் சொல்றேன்" என்று உனக்கு நான் அறிவுரை சொன்னதிலிருந்து, ஒரு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. அந்த அறிவுரையைத் திரும்பப் பெறத்தான் இந்தக் கடிதம்.

மாணவர்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதானே என் ஆராய்ச்சி? ஒரு வகுப்பில் நாற்பது பேரிடமும் ஐந்து நாள் போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, தவித்த தவிப்பையெல்லாம் தினமும் நோட்டில் எழுதச் சொல்வதாகத் திட்டம். "போன் இல்லாமல் மாணவர்கள் நிலைகுலைகிறார்கள்" என்று முடிவுரையைக்கூட முதலிலேயே எழுதிவிட்டேன். திட்டத்தை வகுப்பில் சொன்னதும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், உங்க போனையும் பெட்டியில போடுங்க. அப்பதான் நாங்க போடுவோம்." நாற்பது பேரும் மேஜையைத் தட்டினார்கள். தலைமையாசிரியை வேறு பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுத் தொலைத்தேன்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது அக்கா, வர நேரமாகும் என்று வீட்டுக்குச் சொல்லலாமென்று ஒரு கடையில் போன் கேட்டு வாங்கினால், பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்துகிற பெண்டாட்டி நம்பர் எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் நம்ம பழைய வீட்டு நம்பர்தான், அதை யாரோ எடுத்து "யாரு வேணும்?"னு அதட்ட, "அக்கா இருக்காளா?"ன்னு உளறிட்டேன், மறுநாள் அலாரம் இல்லாமல் தூங்கிப்போய், மேப் இல்லாமல் வழி தெரியாமல், வேறொரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து கால் மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டேன், துறைத் தலைவர் கூட்டத்தை மாற்றிய செய்தியோ பெட்டிக்குள் கிடக்கிறது, நான் போய் நிற்கிறபோது காலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று நோட்டுகளைப் பிரித்தேன். அதில் தவித்தது நான்தான். "சார் காலிப் பாக்கெட்டைப் பதினோரு தடவை தொட்டுப் பாத்தாரு." "மூணு தடவை மணி கேட்டாரு. சுவத்துல கடிகாரம் இருக்கு." "சார் பாவம், அவருக்கு மட்டும் திருப்பிக் குடுத்துடலாமா?" கடைசிப் பெஞ்சில் ஒருத்திதான் தன்னைப் பற்றி எழுதியிருந்தாள்: "அம்மா வெளியூர்ல வேலை பாக்குறாங்க. அஞ்சு நாளா அவங்க குரலைக் கேக்கல."

அதைப் படித்ததும் நம்ம வீட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். மருமகள் தினமும் ஒரு கணக்கைப் படம் பிடித்து அனுப்பி, "மாமா, இது எப்படி?" என்று கேட்பாள். அதைக்கூடப் 'பொழுதுபோக்கு' என்ற பட்டியலில் சேர்த்தவன் நான். முடிவுரையைக் கிழித்துவிட்டேன். துறைத் தலைவர் என்ன சொன்னாலும் சரி. நீயும் பீரோவைத் திறந்து போனை அவளிடம் கொடுத்துவிடு. மாமா மன்னிப்புக் கேட்டான் என்று சொல். என் போன் செத்துப்போய் இப்போதுதான் சார்ஜில் கிடக்கிறது. உன் நம்பரும் மனப்பாடமில்லை. விலாசம் தெரியும், அதனால் கடிதம்.

அத்தானுக்கு வணக்கம். மருமகளுக்கு, அவள் வாங்கிக்கொள்வதாக இருந்தால், என் ஆசிகள்.

உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது என் போன் உயிர்த்தது. அத்தான் போனிலிருந்து மருமகள் அனுப்பிய செய்தி: "மாமா, என் போன் பீரோவுல இல்ல. ஒரு மாசமா அம்மா கையிலதான் இருக்கு. விளையாட்டுல நானூறாவது லெவல் போயிட்டாங்க. நான் பேசினா 'உம்'னு மட்டும் சொல்றாங்க. உங்க ஆராய்ச்சியில அம்மாக்களையும் சேர்த்துக்குவீங்களா?"

அக்கா, மேலே எழுதியதையெல்லாம் விடு. போனைப் பீரோவில் வைத்துப் பூட்டு. சாவியை அவளிடம் கொடு.