அப்பாவுக்கு நான் செய்த இருதய ஆபரேஷன்

பாதியில் எழுந்து போவதில் நான் கெட்டிக்காரி. கல்லூரியில் நான் முழுத் தேர்ச்சி பெற்றது அது ஒன்றில்தான்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. இரண்டு வருடம் அங்கே படித்தால் மிச்சத்தை அமெரிக்காவில் முடிக்கலாம். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டிய அப்பா, நான் விண்ணப்பிக்கும் முன்பே துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா கம்பளிக் கோட்டு வாங்கி, கிள்ளான் வெயிலில் என்னைப் போட்டுக் காட்டச் சொன்னார். (காட்டினேன். தலை சுற்றியது.)

முதல் புள்ளியியல் தேர்வில் எனக்கு நூற்றுக்குப் பதினெட்டு. ஒரு சீனியர் அக்கா வழிகாட்டினாள். "ஃபெயில் ஆவுறதுக்குள்ள வித்ட்ரா பண்ணிடு லா. சர்டிபிகேட்ல ஒரு டபிள்யூ விழும், அவ்ளோதான். மார்க்குல கை வைக்காது."

மார்க்கில் கை வைக்கவில்லை என்பது உண்மைதான். அந்த ருசி கண்ட பூனையாகிவிட்டேன். புள்ளியியலை மூன்று முறை கைவிட்டேன், பொருளாதாரத்தை ஒருமுறை, வேதியியலை ஒருமுறை. மொத்தம் ஐந்து டபிள்யூ.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் படிவம், விலகிய ஒவ்வொரு பாடத்துக்கும் காரணம் கேட்டது. 'பயம்' என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நான் ஒரு முழுப் பக்கத்துக்கு அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் செய்து, அவர் படுக்கையருகே என்னை உட்கார வைத்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

நேர்காணல் கணினியில் நடந்தது. இங்கே காலை எட்டு மணி, கேள்வி கேட்ட பல்கலைக்கழக அம்மையாருக்கு மாலை. மிகவும் பரிவோடு, அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"தேறி வருகிறார். மாடி ஏறத்தான் முடியவில்லை" என்றேன்.

என் பின்னால் கதவு திறந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா தோசை சுடும்போது கேஸ் தீர்ந்திருக்கிறது. இரவு வேலை முடிந்து வந்த அப்பா, புது கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி திரைக்குள் நுழைந்து, ஒரு கையால் சல்யூட் அடித்தார்.

"குட் மார்னிங் மேடம். ஐ எம் ஃபாதர்."

அம்மையாரும் பதிலுக்கு குட் மார்னிங் சொன்னார். பிறகு மருத்துவமனைக் கடிதம் ஒன்றை அனுப்பச் சொன்னார். அதற்கு நான் எங்கே போவேன்? இடமில்லை என்று இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஒன்றிரண்டு டபிள்யூவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்தைக்கூடப் பேசிப் பார்த்திருக்கலாம் என்றார் கல்லூரி ஆலோசகர்.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு என்ன சீக்குன்னு எழுதுன?"

"ஹார்ட்டு பா. ஆபரேஷன்."

"எப்போ?"

"ரெண்டாவது செமஸ்டர்ல."

அப்பா யோசித்தார். "அந்த வருஷம் நான் ஒருநா கூட சீக்கு லீவு எடுக்கல மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. துறைமுகத்தில் அவர் யாரிடம் என்ன சொன்னார் என்பதை நான் கேட்கவே இல்லை.

உள்ளூரிலேயே படிப்பை முடித்தேன், இரண்டு வருடம் கூடுதலாக. புள்ளியியலில் நான்காம் முறை 'சி' வாங்கினேன். எழுந்து ஓடாமல் இருந்திருந்தால் முதல் முறையே கிடைத்திருக்கக்கூடிய அதே 'சி'. இப்போதும் கல்யாண வீட்டில் பந்திக்கு முன் நான் கிளம்பினால், "போட்டுட்டாளா டபிள்யூ" என்பார் அம்மா.

போன மாதம் அப்பாவுக்கு நிஜமாகவே குடலிறக்க ஆபரேஷன். படிவத்தோடு வந்த நர்ஸ் கேட்டார்: "அங்கிள், முன்ன ஏதாச்சும் ஆபரேஷன் செஞ்சிருக்கீங்களா?"

"ஒன்னு ஆயிருக்கு மா. ஹார்ட்டுல."

நர்ஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எந்த ஆஸ்பத்திரி? எந்த டாக்டர் செஞ்சாரு அங்கிள்?"

அப்பா தலையணையில் சாய்ந்தபடி என்னைக் கைகாட்டினார்.

"இவதான்."