நாலு ஊர், எட்டு நாள், ஒரு டிக்கெட்

எங்கள் பள்ளியில் நேர அட்டவணை போடுபவன் நான். பிடிக்காத ஆசிரியருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் வகுப்பைத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு நடமாட எனக்கு வரும். அந்தத் திறமையை வீட்டிலும் காட்டினேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் பெரிய விடுமுறைக்கு முன்னால் மனைவியிடம் கேட்பேன்: "நாம ரெண்டு பேரும் வெளிநாடு போயிட்டு வரலாமா? ரயில்லயே நாலு ஊர் பாக்கலாம்."

அவள் முன்னறைக் கட்டிலைத் திரும்பிப் பார்ப்பாள். அதில் என் அப்பா. வலது பக்கம் முழுக்க விழுந்து ஆறு வருஷம். பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல்: 'போ'. தண்ணீர் வேண்டுமானாலும் போ. முதுகு வலித்தாலும் போ. பேத்தி போனில் பேசினாலும் போ.

"மாமாவை விட்டுட்டு எப்படிங்க" என்பாள். நான் பெருமூச்சு விடுவேன். அதோடு சுற்றுலா முடிந்தது. கூப்பிட்ட பேர் எனக்கு, போகாத பழி அப்பாவுக்கு. இப்படியே ஐந்து வருஷம் நல்ல புருஷனாக இருந்தேன்.

ஆறாவது வருஷமும் கேட்டேன். அவள் என் அப்பாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே, "சரி" என்றாள்.

அவள் சரி என்பாள் என்று நான் கணக்கே போடவில்லை. கூப்பிட்டவனே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவளாகவே வேண்டாம் என்று சொல்லும்படி செய்ய வேண்டும். பயணத் திட்டத்தை நானே போடுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

அதிகாலை நாலே முக்காலுக்கு முதல் வண்டி. எட்டு நாளில் ஆறு இடத்தில் வண்டி மாற வேண்டும். ஓரிடத்தில் மாறுவதற்கு ஒன்பதே நிமிஷம், நடுவில் மூன்று மாடிப்படி. தங்குகிற இடமெல்லாம் நாலாவது மாடி. லிஃப்ட் இல்லாத விடுதிகளாகத் தேடித்தேடிப் பிடித்தேன். ஒழுங்கான பயணத்துக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்காது.

அவள் அதை ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்தாள்.

"ஆறு தடவை மாறணுமா?"

"ஆமா. பயங்கர அலைச்சல். நல்லா யோசிச்சுக்கோ."

"மாறட்டுங்க. இந்த வீட்ல ஏதாவது மாறி எத்தனை வருஷம் ஆச்சு."

என் முழங்கால் வலியையும் துணைக்கு இழுத்தேன். இத்தனை படி ஏறினால் அது தாங்காது என்றேன். அவள் அந்த முழங்காலைப் பரிவோடு பார்த்தாள். மறுநாள் தைலம் வாங்கி வந்து தேய்த்தும் விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மேசைமேல் டிக்கெட் இருந்தது. ஒன்று.

எனக்கு எங்கே என்று கேட்டேன். முழங்காலுக்கு இது ஆகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். அப்பாவை யார் பார்ப்பது என்றேன். பள்ளிக்கூடம் லீவுதானே என்றாள். சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போடலாம் என்றேன். வெளியாள் கை பட்டால் மாமா சாப்பிட மாட்டாரே என்றாள். அதுவும் என் வாசகம்தான். ஆள் போடச் சொல்லி அவள் கெஞ்சிய காலத்தில், காசை மிச்சம் பிடிக்க நான் கட்டிவிட்ட கதை.

கடைசியாகப் பாஸ்போர்ட் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். அது வர மாசக்கணக்காகும் என்றேன்.

"எங்கிட்ட இருக்கு" என்றாள். "முதல் வருஷம் நீங்க கேட்டப்பவே எடுத்து வச்சிட்டேன். நிஜமாத்தான் கூப்பிடறீங்கன்னு நம்பி."



கிளம்புகிற அன்று அப்பாவின் காதருகே குனிந்து, "மாமா, போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அவர் "போ" என்றார். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார் என்று நான் முனகினேன். அவள் காதில் வாங்கவில்லை.

முதல் நாளே என் இடுப்பு போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்ட வேண்டும். துணி மாற்ற வேண்டும், துடைக்க வேண்டும், பவுடர் போட வேண்டும். முடித்துக் கை கழுவினால் மறுபடி துணி. என்னைத் தூக்கி வளர்த்த மனிதரை ஆறு வருஷத்தில் நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. அவ்வளவு மெலிந்திருந்தார். நான் துணி மாற்றும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே மாற்றுவேன். பாதி தப்பாகத்தான் போகும்.

ஐந்தாம் நாள் காலை மசித்த சாப்பாட்டை ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்த வாய் என்று அவள் எழுதி ஒட்டியிருந்தாள். நான் அவசரப்பட்டேன். அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. சத்தமே இல்லை. உதடு நீலமாயிற்று. அவளுக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. போனை வீசிவிட்டு, அவரை ஒருக்களித்து, வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். முதுகில் அறைந்தேன். நாலாவது அறைக்குத் துருப்பிடித்த கதவு திறப்பதுபோல மூச்சு வந்தது.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "போ" என்றார். இந்தத் தடவை அதன் அர்த்தத்திலேயே சொன்னார் என்று நினைக்கிறேன்.

குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ப் பக்கத்தில் ஒரு முக்காலி எப்போதும் கிடக்கும். எதற்கென்று நான் கேட்டதில்லை. அன்று அதில் உட்கார்ந்தபோது தெரிந்தது.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். மூச்சடைத்ததை நான் சொல்லவில்லை. மூன்றாவது ஊரில் ஒரு பெரிய ஏரி என்றாள்.

"இன்னைக்கு ஏழு மணி நேரம் ஜன்னலோரமா உக்காந்திருந்தேங்க. யாரும் என்னைக் கூப்பிடல. முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் நல்லா இருந்துச்சு."

அதன்பிறகு சுவரைப் பார்க்காமல் துணி மாற்றினேன். ஒவ்வொரு வாயாக, தொண்டையைப் பார்த்து ஊட்டினேன். ஏழாம் நாள் நான் துடைத்துவிடும்போது அப்பா கண்ணை மூடவில்லை.

அவள் வந்ததும் பையை வாசலிலேயே வைத்துவிட்டு நேரே கட்டிலுக்குப் போனாள். அப்பாவைப் புரட்டி முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தாள். எங்கும் ஒரு புண் இல்லை.

"நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் நான் கேட்டிராத பாராட்டு.

"ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?"

"சேச்சே. பழகிட்டா ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"அப்ப சரி." அவள் செருப்பைக் கழற்றினாள். "மாமா விழுந்தப்ப நான் விட்டேனே, அந்த ரத்தப் பரிசோதனைக்கூட வேலை, அதுக்கு மறுபடி கூப்பிட்டிருக்காங்க. போறதுக்கு முந்தியே பேசிட்டேன். நீங்க தாக்குப்பிடிப்பீங்களான்னுதான் தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்னேன். உங்களுக்கு ஸ்கூல் மூணு மணிக்கு விடுது. எனக்கு ஷிப்டு நாலு மணிக்கு."

பரீட்சை என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் வேண்டுமென்றே ஃபெயிலாகியிருப்பேன்.