மேசையைத் தள்ளிப்போட்ட வக்கீல்

இல்லை, திருடன் இல்லை. முடி திருத்துகிற கடையில் உட்கார்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுகிற மேவிஸ் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வக்கீல் டெல்பர்ட் பிரூயிட் அடுத்தவர் காசைத் தொட்டவரில்லை. அவர் வேறு இனம். இடம் மாறினால் செய்த தப்பு கூடவே வராது என்று நம்புகிற இனம்.

மீன் பிடிக்கப் போன இடத்தில் ஒருவரின் வழக்கைப் போட மறந்தார், அது மறதி. "போட்டாச்சு, கவலைய விடுங்க" என்று அவரிடமே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், அது பொய். டெக்சாஸ் கோர்ட் ஆறு மாதம் தொழில் செய்யக் கூடாது என்றது. சரிதானே?

ஆனால் அவர் ஊரின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது, பிரூயிட்டின் அறைக்கு நடுவிலும். மேற்கு ஜன்னல் டெக்சாஸ், கிழக்கு ஜன்னல் ஆர்க்கன்சா. இரண்டிலும் அவருக்கு வக்கீல் உரிமம். இனி சோறு போட மிஞ்சியது ஆர்க்கன்சா உரிமம் ஒன்றுதான். தீர்ப்பு வந்த காலையில் மேசையைக் கிழக்கே தள்ளினார். தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

குமாஸ்தா ஒலீட்டா காப்பியோடு நின்று பார்த்தாள்.

"என்னய்யா பண்றீங்க?"

"குடி மாத்துறேன்."

"ஆறடிக்கா?"

"ஆறடின்னாலும் வேற மாநிலம், ஒலீட்டா. டெக்சாஸ் கோபம் டெக்சாஸோட."

"ஆர்க்கன்சா கோர்ட்டுக்கு நீங்களா சொல்லிடணுமே? சொன்னா அவங்களும் அதே ஆறு மாசத்தப் போடுவாங்க, ரெண்டும் ஒண்ணாக் கழிஞ்சுடும்."

"கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற வக்கீல நீ எங்க பாத்த?"

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். புது டை கட்டும், பெயர்ப்பலகைக்குப் புது வர்ணம் பூசும், எதிரே வருகிறவர் வாயைத் திறக்குமுன்னே "அது அந்தப் பக்கத்துக் கதைங்க" என்னும், கெளுத்தி மீன் வறுவல்கூடக் கிழக்குத் தெருக் கடையில்தான் தின்னும், மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடும்.

கோர்ட்டுக்குக் கோர்ட் பேசிக்கொள்ளாதா? ஆர்க்கன்சாவிலிருந்து கேள்வி வந்தது: அதே தண்டனையை இங்கும் ஏன் போடக்கூடாது? பிரூயிட் அந்த மறதியின் கதையை, மீன் உட்பட, முதலிலிருந்து சொன்னார்.

"அதெல்லாம் டெக்சாஸ் விசாரிச்சாச்சு," என்றார் நீதிபதி. "உங்களுக்குச் சொல்லாமத் தீர்ப்புக் குடுத்தாங்களா? சாட்சி இல்லாமக் குடுத்தாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?"

பிரூயிட் புது டையைச் சரிசெய்துகொண்டார். ஆர்க்கன்சாவில் ஆறு மாதம் ஒரு வருஷமானது.

அறைக்குத் திரும்பியவர் மேசையைப் பிடித்து மேற்கே தள்ளினார். டெக்சாஸ் தண்டனை முடியும் நேரம்தானே.

"விடுங்கய்யா," என்றாள் ஒலீட்டா. "டெக்சாஸ் தண்டனை அங்க போன மாதிரி, மறைச்சதுக்கு ஆர்க்கன்சா போட்டது இங்க வரும்."

மேசை நடுவில் நின்றது. பிரூயிட் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். ஒலீட்டா அவர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். வாசலில் நின்று கேட்டார்:

"ஓக்லஹோமா மாநிலம் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

போய்விட்டார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டில் வாங்கிய பேச்சை ஆபீஸ் வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே போய் உத்தமராக உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்கள் மேசைக்கடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். தரையில் கீறல் இருக்கும்.