வெள்ளிக்கிழமையில் அவித்த தவளை

படித்ததை உடனே சரிபார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு வியாதி. எனக்கு அது முற்றியது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வெள்ளிக்கிழமை. (திகதியும் குறித்து வைத்திருக்கிறேன், வெட்கத்தால் சொல்லவில்லை.)

நியூசிலாந்தில் வாழும் ஓர் ஆதித் தவளைக் குடும்பத்தைப் பற்றி அந்த வாரம் வாசித்திருந்தேன். மற்றத் தவளைகளில் அநேகமானவற்றுக்கு இடுப்புக்கு முன்னால் முள்ளெலும்புகள் எட்டு, அல்லது அதிலும் குறைவு. இவற்றுக்கு ஒன்பது. செவிப்பறை இல்லை. மற்றவைபோல் தொண்டையை ஊதிக் கத்துவதும் இல்லை. எல்லாவற்றையும்விட, வாலே இல்லாத உடம்பில் வாலை ஆட்டும் தசைகள் இன்னும் இருக்கின்றன! இலங்கையும் நியூசிலாந்தும் ஒருகாலத்தில் ஒரே நிலத்தின் துண்டுகள்தானே, ஒன்று இங்கே தப்பியிருக்கக் கூடாதா என்று நினைத்தபடி குளிக்கப் போனால், வாளிக்குப் பின்னால் ஒரு தவளை. செவிப்பறை தெரியவில்லை. சத்தமும் போடவில்லை. (அது செத்துக் கிடந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை.)

எலும்பை எண்ணுவதென்றால் அவிக்க வேண்டும். எனக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி கமலா அன்ரி கோயிலுக்குப் போயிருந்தா. முட்டைகூட நுழையாத சைவ வீடு. கையில் அகப்பட்ட சட்டியில் போட்டு அவித்தேன்.

வீதியை ஆமி மறித்துச் சோதனை நடத்தியதால் அன்ரி அரைவழியில் திரும்பி வந்துவிட்டா.

"என்ன தம்பி மணக்குது?"

"தவளை, அன்ரி."

"என்ர பால் சட்டியிலேயோ? வெள்ளிக்கிழமையிலேயோ?"

"சாப்பிட இல்லை அன்ரி, எலும்பு எண்ண."

"எண்ணி முடிச்சிட்டு உம்மட உடுப்பையும் எண்ணி எடுத்துக்கொண்டு வெளிக்கிடும். நாளைக்கே பொலிசுக்குப் போய் உம்மட பதிவை வெட்டுவிக்கிறன்."

எந்த வீட்டில் தங்குகிறான் என்று பொலிசில் பதிவில்லாத யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அன்றைய கொழும்பில் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய அறை ஒன்றுதான். அதற்குக் கம்பிக் கதவு. பயத்தில் வேறு எதுவும் வாயில் வராமல், வாசித்ததையே ஒப்புவிக்கத் தொடங்கினேன்: ஒன்பது எலும்பு, பிரிந்துபோன கண்டம், இல்லாத வாலை ஆட்டும் தசை.

மூக்கை மூடியிருந்த சேலைத் தலைப்பை அன்ரி மெல்ல எடுத்தா.

"இல்லாத வாலை ஆட்டச் சதையோ? எவ்வளவு காலமாய்?"

"கோடிக்கணக்கான வருசமாய்."

"கடவுளே!" கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. "எண்ணும் பாப்பம்."

பேப்பரில் பரப்பி, ஈர்க்கால் தள்ளித் தள்ளி எண்ணினேன். கடுகிலும் கொஞ்சம் பெரிய எலும்புகள். ஒன்றுக்குள் ஒன்று அப்படியே பொருந்தின. எட்டு. மறுபடியும் எட்டு. சாதாரண கொழும்புத் தவளை.

"வடிவாப் பாரும், எங்கையும் விழுந்திருக்கும்," என்று அன்ரி மேசைக்குக் கீழே குனிந்து தேடினா.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். ரவுண்டப், வீடு வீடாகத் தேடுதல். உள்ளே வந்த பொலிஸ்காரர் என்னையும் எலும்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் யார் என்று அன்ரியிடம் சிங்களத்தில் கேட்டார்.

"அபே ளமயா," என்றா அன்ரி. எங்கட பிள்ளை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, தேடிக்கொண்டே சொன்னா.

வீட்டைவிட்டு வெளியேறியது பால் சட்டி மட்டும்தான்.

அன்ரியும் நானும் இப்போது ரொறன்ரோவில். அந்த வீட்டு விசேஷங்களில் எனக்குத்தான் முதல் இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் போட்டுவிட்டு, பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று சொல்வார்கள்: "எலும்பு ஏதும் இருந்தால் எண்ணிப்போட்டுச் சாப்பிடுங்கோ, டொக்டர்."

(நான் கணக்காளன்.)